லயத்தின் பெயரைச் சொன்னவர்

எங்கள் லயத்துக்குத் திரும்பும் முடக்கில் நட்டிருந்த பெயர்ப்பலகையைப் போன மாதம் பிடுங்கிவிட்டார்கள். கம்புகள் நின்ற இரண்டு குழிகள் மட்டும் மழைத்தண்ணீர் நிறைந்து கிடக்கின்றன. பலகையைப் பிடுங்க வைத்தவள் நான். அதை நட வைத்தவளும் நான்தான். அந்த முடக்கைத் தாண்டும்போது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டுதான் தாண்டுகிறேன்.

நான் தோட்டப் பாடசாலையில் டீச்சர். இப்போது கஹவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது கீழ்க்கணக்கில், அதாவது தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், ஏழாம் நம்பர் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில். அப்பா இருந்த அதே காம்பிராவில் இன்று என் அக்கா இருக்கிறாள், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறாள். அத்தான் கொழும்பில் ஒரு கடையில் வேலை. ஒரே மகள், படித்து முடித்துவிட்டு வேலை தேடுகிறவள். என்னைச் சித்தி என்பாள். என்னைவிட அவளுக்குத்தான் சிங்களம் சுத்தமாக வரும்.

ஏழாம் நம்பர் என்பது வெளியாட்களுக்குச் சொல்லும் பெயர். தோட்டத்துக்குள் அதற்கு இன்னொரு பெயர் உண்டு. கள்ள லயம்.

இந்தப் பெயரை எங்கள் ஆட்கள் எப்படி மூடி வைத்தார்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஏழாம் நம்பர் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றால், பஸ் நிற்கும் ஹோல்ட்டில் காலையிலேயே நம் ஆள் ஒருவர் போய் நிற்பார். வருகிறவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். விட்டால் மேல் லயத்தில் யாரிடமாவது வழி கேட்பார்கள். "எந்த லயம்? ஓ, கள்ள லயமா, இப்பிடியே எறங்கிப் போங்க" என்று அவன் பல்லைக் காட்டுவான். அதோடு சம்பந்தம் போச்சு. என்னைப் பார்க்க வந்தபோது அப்பா ஹோல்ட்டில் நான்கு மணி நேரம் நின்றார். பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டதாம். தேத்தண்ணி குடிக்கக்கூட நகரவில்லை என்று பிறகு பெருமையாகச் சொன்னார்.

பெயர் வந்த கதை இது. அப்பா பால் வெட்டத் தொடங்கிய புதிதில், ஸ்டோரில் உலர்த்திய ரப்பர் ஷீட் கட்டுக்கட்டாகக் காணாமல் போனது. தேடிக்கொண்டு வந்தவர்கள் ஏழாம் நம்பருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கானுக்குள், தழைக்கு அடியில், ஒரு கட்டைக் கண்டெடுத்தார்கள். யார் வைத்தது என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, எல்லாருமே கள்ளர்கள்தானே. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் எங்கள் லயத்து ஆண்களைத் தனியாக நிறுத்தி, ஒரு மாதம் வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு ஸ்டோரைக் காவல் காத்த வாச்சரே டவுனில் ஷீட் விற்கும்போது பிடிபட்டான். அவனைத் தோட்டத்தை விட்டுத் துரத்தினார்கள். ஆனால் பெரட்டுக்களத்தில் ஒருவரும் ஏறி நின்று, ஏழாம் நம்பர் ஆட்கள் எடுக்கவில்லை என்று சொல்லவில்லை. வாச்சர் போனான். பெயர் எங்களோடு தங்கிவிட்டது.

அப்பா சாகும்வரை இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஆரம்பித்தாலே நான் எழுந்து போய்விடுவேன். பள்ளிக்கூடத்தில் யாருடைய பென்சில் காணாமல் போனாலும் என் பையைத்தான் முதலில் கொட்டுவார்கள். எனக்குக் கதை கேட்கப் பொறுமை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் அக்காதான்.

போன வருஷம் பொங்கல் முடிந்து பாடசாலை திறந்ததும் கிராம சேவகர் ஒரு படிவத்தோடு வந்தார். லயங்களுக்கு விலாசம் கொடுக்கப் போகிறார்களாம். இதுவரை எங்கள் ஆட்களின் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கே கிடந்து, யாராவது மனம் வைத்தால் வீடு வந்து சேரும். இனி ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் பதிந்து, பலகை நட்டு, விலாசத்தில் போடுவார்களாம். நல்ல காரியம். "மட்ட தெமள பே, டீச்சர்," தனக்குத் தமிழ் வராது என்று அவர் கையை விரித்தார். நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருந்தது. படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நான்கு கட்டங்கள். முதலாவதில் ஆட்கள் வழங்கும் பெயர். இரண்டாவதில் அது சிங்களத்தில். மூன்றாவதில் பெயர் வந்த காரணம். நான்காவதில் தகவல் தந்தவர். அடியில், பதிவு செய்தவர் கையெழுத்து.

எனக்குத் தலை கால் புரியவில்லை. அரசாங்கம் எங்களிடம் காரணம் கேட்கிறது! நான்கு சனிக்கிழமை லயம் லயமாக அலைந்தேன். உதவி மேனேஜராக இருந்த சின்னத்துரை மோட்டார் சைக்கிளோடு விழுந்த இடம் துரை விழுந்த முடக்கு. விழுந்தவர் ஊர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இன்றும் அங்கே வந்தால் எங்கள் கிழவிகள் சிரிக்கிறார்கள். ஒற்றைப்பலா மேட்டில் இப்போது பலா இல்லை. புலியைப் பார்த்து ஒரு பெண் கத்தியதால் ஆத்தா கத்துன பள்ளம்; அது புலியில்லை, கணக்கப்பிள்ளையின் நாய் என்று இன்னொரு கட்சி. எல்லாவற்றையும் எழுதினேன். ஆட்கள் வாய் ஓயாமல் சொன்னார்கள்.

ஏழாம் நம்பரில் மட்டும் எல்லாரும் "ஏழாம் நம்பர்தான், எழுதிக்கங்க டீச்சர்" என்றார்கள். நானும் அந்த லயத்துப் பிள்ளைதான், ஆனால் கையில் படிவம் இருந்ததே. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மத்தியானம் அக்காவின் இஸ்தோப்புத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அவள் காலையில் பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, கையில் காய்ந்து ஒட்டியிருந்த பாலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மயிரோடு சேர்ந்து வரும். அவள் முகம் சுளிக்கவே மாட்டாள்.

"அக்கா, அப்பா சொல்லுவாரே, அந்தக் கதைய ஒருக்கா சொல்லு. எனக்குச் சரியா ஞாபகமில்ல."

"இப்ப எதுக்குடி அது?"

"எழுதி வைக்கத்தான். நம்மாளுக எடுக்கலன்னு ஒரு எடத்துலயாவது எழுத்துல இருக்கட்டுமே."

அவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆபீசுக்குப் போற காயிதத்துலயா? அப்பாவுக்கு அதுதான் ஆச," என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். அப்பாவின் வார்த்தைகள் அப்படியே வந்தன. அன்றிரவே முதல் கட்டத்தில் கள்ள லயம் என்று எழுதினேன். மூன்றாவது கட்டம் போதாமல் தனித்தாள் ஒட்டி, வாச்சர் பிடிபட்டதுவரை எழுதினேன். நான்காவது கட்டத்தில் அக்காவின் முழுப் பெயரையும் போட்டேன். கீழே அழகாக என் கையெழுத்தை வைத்தேன்.

அக்காவின் பெயரை ஏன் போட்டேன் என்று எத்தனையோ தடவை என்னை நானே கேட்டுவிட்டேன். அவளுக்கு மரியாதை என்று அன்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், மாவட்ட ஆபீசான கச்சேரியில் யாராவது படித்து, யார் இந்த டீச்சர், இவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாரே என்று கேட்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அந்த ஆசைக்கு ஏழாம் நம்பர் என்ற வெறும் நம்பர் போதவில்லை.

நாலைந்து மாதத்தில் பட்டியல் அச்சாகி வந்து கிராம சேவகரின் காரியாலயச் சுவரில் தொங்கியது. ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் யார் அங்கே போய்ச் சுவரைப் படிக்கப் போகிறார்கள்? பரீட்சைத் தாள் திருத்தும் நேரம் என்று நானும் போகவில்லை. "நீங்க எழுதினதுதானே டீச்சர்" என்று அவர் பாடசாலைக்கே ஒரு தாளைக் கொண்டுவந்தார். சரி பார்த்தேன் என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகள் இப்படிச் செய்தால் காதைத் திருகுவேன்.

அச்சுப் பட்டியலில் மூன்றாவது கட்டம் இல்லை. காரணங்கள் நீளம், பக்கம் போதாது என்று கச்சேரியில் நீக்கிவிட்டார்களாம். மற்ற மூன்றும் இருந்தன. கள்ள லயம். ஹொருங்கே லைம, அதாவது கள்ளர்களின் லயம். தகவல் தந்தவர், என் அக்கா.

பலகை நட்ட அன்றுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு மொழியிலும் கொட்டை எழுத்து. தமிழில் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதையாவது இருந்தது, மேல் லயத்தானுக்கும் அது தெரியும். சிங்களத்தில் கதையும் இல்லை, வாச்சரும் இல்லை. பஸ் கண்டக்டர் சத்தமாகப் படித்துவிட்டு, "பையைப் பாத்துக்கங்க, பையைப் பாத்துக்கங்க" என்று சிங்களத்தில் கூவினானாம். பஸ்ஸே சிரித்ததாம்.

நான் உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஒரு கிழமை, ஏழு நாள் முழுக்க, கண்டுகொள்ளாமல் இருந்தேன். காற்று மழையில் விழுந்துவிடாதா என்றுகூட நினைத்தேன். கொங்கிரீட் போட்டு நட்டிருந்தார்கள்.

அந்தக் கிழமைதான் அக்கா மகளுக்கு எம்பிலிப்பிட்டியவில் ஒரு நகை அடகுக் கடையில் காசாளர் வேலைக்கு நேர்முகம். போகும்போது கிராம சேவகரின் சான்றிதழ் கொண்டுபோக வேண்டும், அதில் புது விலாசம். இரண்டு பஸ் மாறிப் போனாள். திரும்பி நேராக என் பாடசாலை வாசலுக்கு வந்தாள். அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்ல வந்திருக்கும். அவள் அழவில்லை.

"மொதலாளி வெலாசத்தப் படிச்சாரு சித்தி. அடுத்த மேசையில இருக்கவருக்கும் படிச்சுக் காட்டுனாரு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அறிவிக்கிறோம், போங்கன்னாங்க."

"அறிவிப்பாங்க, பொறு."

"காசுப் பெட்டிக்கு ஆளு எடுக்கிற கடை. கள்ளர் லயத்துலருந்து எடுப்பாங்களா?" அவள் குரல் உயரவில்லை. "வர்ற வழியில கிராம சேவகர் ஆபீசுக்குப் போனேன். பட்டியல்ல அம்மா பேரு போட்டிருக்கு. அம்மாவுக்குப் படிவமெல்லாம் எழுத வராது. எழுதுனது நீங்கதானே?"

நான்தான் என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் தலையை ஆட்டிவிட்டு ஹோல்ட்டுக்கு நடந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

அடுத்த நாளே கிராம சேவகரிடம் போனேன். அவருக்கும் சங்கடம்தான். மூன்று வழி இருக்கிறது என்றார். ஒன்று, லயத்து ஆட்கள் எல்லாரும் கையெழுத்து வைத்து, இன்ன பெயரை இன்ன பெயராக மாற்றித் தாருங்கள் என்று மனு கொடுப்பது. இரண்டு, தகவல் தந்தவர், தான் சொன்னது தவறு என்று கடிதம் கொடுப்பது. அது சுலபம், மேலே அனுப்பினால் பெயர் நீங்கிவிடும். மூன்றாவதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பதிவு செய்தவர், தான் விசாரிக்காமல் எழுதிவிட்டதாக ஒப்புக்கொள்வது. அரசாங்க ஊழியர் என்பதால் அது கல்விக் காரியாலயம் வழியாக விசாரணைக்குப் போகும். "ஏக்க கரன்ட எப்பா, டீச்சர்," அதைச் செய்ய வேண்டாம் என்று அவரே சொன்னார். எனக்கு அதைக் கேட்டதும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மனுவை எழுதிக்கொண்டு ஏழாம் நம்பருக்குப் போனேன். கள்ள லயத்தில் குடியிருக்கும் நாங்கள் என்று தொடங்க வேண்டியிருந்தது, பதிவான பெயர் அதுதானே. முதல் காம்பிராவில் அப்பாவோடு பால் வெட்டிய மாமா ஒருவர் இருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தார். தாளை மடித்து என் கையிலேயே தந்தார்.

"இதுல கையெழுத்து வச்சா, நாங்க கள்ளங்கதான்னு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். அன்னைக்குப் பெரட்டுல நிக்க வச்சு, ஒத்துக்கங்கடான்னு கேட்டாங்க. ஒருத்தனும் ஒத்துக்கல. இப்ப போயி ஒத்துக்கவா?"

"ஒத்துக்கிறதில்ல மாமா. மாத்தச் சொல்றோம்."

"எழுதுனது நீங்க. சொன்னது ஒங்க அக்கா. நீங்க ரெண்டு பேரும் மாத்துங்க."

மற்ற வாசல்களிலும் அதே பதில்தான். சிலர் கதவையே திறக்கவில்லை. பால் நிறுக்கும் இடத்தில் அக்காவோடு யாரும் பேசுவதில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வாளி நிறைந்தால் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறவர்கள் இப்போது முந்திப் போய்விடுகிறார்களாம். அக்கா இதில் ஒரு வார்த்தைகூட என்னிடம் சொன்னதில்லை. சொன்னது பக்கத்துக் காம்பிராப் பெண்தான், அவளும் ஜன்னல் வழியாக.

மழை பிடித்த ஒரு நாள், மரங்கள் நனைந்து பால் வெட்டு இல்லாத நாளில், அக்கா கொடுக்கவேண்டிய கடிதத்தை நானே எழுதிக்கொண்டு அவளிடம் போனேன். மகள் உள்ளே இருந்தாள். வெளியே வரவில்லை. அக்கா தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். என்மேல் கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

"படி," என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஆனாலும் நானே படிக்கவேண்டும் என்றாள்.

படித்தேன். கீழ்க்கணக்கு ஏழாம் இலக்க லயத்தின் பெயர் சம்பந்தமாக நான் கொடுத்த தகவல் உண்மைக்குப் புறம்பானது. அப்படி ஒரு பெயரும் அதற்கான சம்பவமும் இல்லை. எனது தவறுக்கு மன்னிப்புக் கோருகிறேன்.

"சம்பவமும் இல்லையா?"

"அப்பிடி எழுதுனாத்தான் முழுசா நீக்குவாங்களாம்."

"அப்ப வாச்சரு திருடுனது?"

"அது இதுல வராதுக்கா."

அக்கா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா சாகுறவரைக்கும் அதத்தானே சொல்லிக்கிட்டிருந்தாரு," என்றாள். பிறகு, "நான் பொய் சொன்னேன்னு ஆயிரும்," என்றாள். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது அக்கா, இந்தக் கடிதத்துக்குப் பதிலாக என் கடிதம் போகலாம், நீ கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கில் இருந்தது. விசாரணைக் கடிதம் வரும், அதிபர் கூப்பிடுவார், தூரத்துப் பாடசாலைக்கு மாற்றுவார்கள், கஹவத்தை வீட்டுக்கு இப்போதுதான் முற்பணம் கொடுத்தேன் என்று ஒவ்வொன்றாக மனதில் வந்தது. பேனையைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, விரலில் மிச்சமிருந்த முந்தின நாள் பால்கறை தாளில் படாமல், மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்துத் தாளை ஊதினாள். பிறகு என் பக்கம் திரும்பி, உள்ளே இருக்கும் மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"இதனால ஒன் வேலைக்கி ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஆவாதுக்கா," என்றேன்.